ஏழாயிரம் திர்ஹத்துக் கிற்றாரும் அஞ்சு சதத்து விரலும்

எங்கட அறையில மேல்கட்டிலில படுக்கிற தம்பி போன வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தான். அவன் தேத்தண்ணி வாங்கித் தந்தால் பின்னால ஏதோ வருகுது எண்டு அர்த்தம். வந்தது.

"அண்ணை, உங்கட காட்டில தவணைக்கு ஒரு கிற்றார் எடுத்துத் தாங்கோ. மாசம் மாசம் கையில தந்திடுவன்."

யப்பானில செய்த ஈஎஸ்பி ஈ-ரூ. கடைக்காரன் சொன்ன கடைசி விலை ஏழாயிரத்து இருநூறு திர்ஹம். தம்பியின்ர சம்பளம் இரண்டாயிரத்து நானூறு. அந்தச் சம்பளத்துக்கு வங்கிக்காரன் காட் குடுக்கமாட்டான், அதால என்னட்டை வந்தவன். அவனிட்டை ஏற்கனவே இரண்டு கிற்றார் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. ஒண்டு இபானெஸ் ஜியோ, ஜிஆர்ஜி 170. மற்றது எல்ரிடி, ஃபிளொயிட் றோஸ் பாலம் போட்டது. ஏன் மூண்டாவது எண்டு கேட்டன். "இதுகளில சொலோ ஏறுதில்லை அண்ணை. மெற்றல் லீட் வாசிக்கிறதெண்டால் சாமான் வேணும்" எண்டான்.

இந்த "சாமான் வேணும்" எண்ட கதையைத்தான் இண்டைக்குப் பிரிச்சுப் பார்க்கப்போறன். தம்பியில எனக்குக் கோபமில்லை. அவன் சொன்னது அவன்ர சொந்தக் கதையும் இல்லை. கனடாவில இருக்கிற அவன்ர மச்சான் சொன்னது, காணொளியில வாற வெள்ளைக்காரன் சொன்னது, கடையில நிக்கிற ஆள் சொன்னது. சார்ஜாவிலயும் டேராவிலயும் ஒரு அறைக்கு ஆறு பேர் எட்டுப் பேர் படுக்கிற எங்கட பெடியளுக்கு, மாசச் சம்பளத்தின்ர மூண்டு மடங்கு விலையில மரமும் கம்பியும் விக்கிறதுக்கு ஒரு முழு வேதமே எழுதி வைச்சிருக்கினம். அந்த வேதத்தில பாதி பொய். மிச்சப் பாதி உண்மை, ஆனா எங்களுக்குத் தேவையில்லாத உண்மை.

முதல்ல அண்டு இரவு நடந்ததைச் சொல்லுறன். இரண்டு கிற்றாரையும் கீழ இருந்து எடுக்கச் சொன்னன். ஜியோவை மடியில வைச்சு, ஆறாவது கம்பியை முதல் ஃபிறெற்றிலயும் கடைசி ஃபிறெற்றிலயும் ஒரே நேரத்தில அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃபிறெற் பக்கம் பார்த்தன். கம்பிக்கும் ஃபிறெற்றுக்கும் இடையில ஒரு விசிற்றிங் காட் மட்டுமட்டாப் போற இடைவெளி இருந்தால் போதும். தம்பியின்ர கிற்றாரில மூண்டு காட் போகும்! கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு போய்க் கிடக்கு. பன்னிரண்டாவது ஃபிறெற்றில கம்பி அவ்வளவு உயரத்தில நிண்டால் ஆருக்குத்தான் சொலோ ஏறும்?

இது இபானெஸ்காரன்ர பிழை இல்லை. வளைகுடாவின்ர பிழை. யூலை ஓகஸ்ட்டில வெளியில 45 பாகை, கடற்கரைப் பக்கம் காத்தில பிழிஞ்சால் தண்ணி வரும். உள்ளுக்கு ஏசி இருபதில விறைக்குது, காத்துக் காய்ஞ்சு கிடக்கு. மரம் ஈரத்தைக் குடிக்கும், ஈரத்தை விடும். குடிக்கேக்க ஒரு பக்கம் வளையும், காயேக்க மற்றப் பக்கம் வளையும். கழுத்துக்கு உள்ளுக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் றொட் எண்டுறது. கம்பிகளின்ர இழுவைக்கு எதிராக் கழுத்தை நிமித்திப் பிடிக்கிறது அதுதான். அதை ஒரு அலன் சாவியால கால் சுத்து முறுக்கினன். ஒரு இரவு விட்டன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பேந்து பாலத்தின்ர உயரத்தைக் குறைச்சு, பன்னிரண்டாவது ஃபிறெற்றில சின்னக் கம்பி ஒண்டரை மில்லிமீற்றர், பெரிய கம்பி இரண்டு மில்லிமீற்றர் எண்டு வைச்சு, ஒவ்வொரு கம்பியின்ரயும் நீளத்தைச் சரிபார்த்து, புதுக்கம்பி போட்டன். சாவி கிற்றாரோட வந்த பெட்டிக்குள்ள பிளாஸ்ரிக் பையோட அப்பிடியே கிடந்தது, இரண்டு வருசமா.

தம்பி வாசிச்சுப் பார்த்துட்டு ஒண்டும் கதைக்கேல்லை. ஆனா மனசு மாறேல்லை எண்டு முகத்தில தெரிஞ்சது. ஏழாயிரத்து இருநூறு கண்ணுக்குள்ள நிக்குது.

எல்ரிடியின்ர கதை வேற. அதில இருக்கிறது இரண்டு பக்கமும் பூட்டுற ஃபிளொயிட் றோஸ் பாலம். 1970களின்ர கடைசியில அமெரிக்காவில ஒரு கிற்றார்காரன் தன்ர தேவைக்குக் கண்டுபிடிச்சது, அவன்ர பேர்தான் பாலத்துக்கும். நல்ல சாமான், நான் பழிக்கமாட்டன். ஆனா அது மிதக்கிற பாலம். முன்னால கம்பிகள் இழுக்குது, பின்னால சுருள்கள் இழுக்குது, இரண்டும் சமனா நிண்டாத்தான் சுருதி நிக்கும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற அஞ்சும் சுருதி போகும். ஒரு கம்பியை இறக்கினால் மிச்சமெல்லாம் ஏறும். தம்பி ஒரு நாள் ஸ்ராண்டட் ரியூனிங், அடுத்த நாள் ட்றொப் சி எண்டு மாத்திக்கொண்டு நிக்கிறான். அந்தப் பாலத்தோட அப்பிடி விளையாடினால் வாழ்க்கை பூராவும் ரியூன் பண்ணிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். அவனுக்குத் தேவை அசையாத பாலம். அது விலை குறைஞ்ச கிற்றாரில்தான் வருகுது எண்டது அவனுக்கு ஒரு மானப்பிரச்சினை.

இனி பிக்கப். ஈஎம்ஜி 81 போட்டாத்தான் மெற்றல், கேர்க் ஹமெற் அதைத்தான் வைச்சிருக்கிறார் எண்டு சொல்லாத பெடியன் இல்லை. 2011 ஒக்ரோபரில யாஸ் தீவில மெற்றாலிக்கா வந்து வாசிச்சதை அறைக்கு அறை இண்டைக்கும் கதைக்கினம். ஈஎம்ஜி நல்ல பிக்கப்தான், இரைச்சல் இல்லை, இறுக்கமாப் பிடிக்கும். ஆனா அது ஒன்பது வோல்ற் பற்றறியில ஓடுறது. பற்றறி எண்டால் எனக்கு இப்பவும் வேற ஞாபகம் வரும். 1990 இல யாழ்ப்பாணத்தில கரண்ட் போனது. பற்றறி தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவுட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். நான் சுத்த அண்ணன் கேப்பான், அண்ணன் சுத்த நான் கேப்பன். பாட்டு நடுவில கை ஓய்ஞ்சால் பாட்டும் ஓயும். அப்பிடி வளந்தவனுக்கு, கம்பியைத் தட்டினால் சத்தம் வாறதுக்குப் பற்றறி வேணும் எண்டுறது இண்டைக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கு. சரி, அது என்ர தனிப்பட்ட கோணல். விடுங்கோ.

உண்மையில சத்தத்தை ஆகக்கூட மாத்திறது கிற்றார் இல்லை. அம்ப், அதிலயும் ஸ்பீக்கர். கிற்றார் ஸ்பீக்கர் அஞ்சாறு கிலோஹேர்ட்ஸுக்கு மேல பெரிசா ஒண்டும் வெளியில விடாது. மேல இருக்கிற கீச்சை எல்லாம் அதுதான் வெட்டுறது. அது வெட்டாட்டி டிஸ்ரோஷன் எண்டுறது தேனீக்கூட்டம் மாதிரி இருக்கும். மஹோகனியா அல்டரா எண்டு சண்டை பிடிக்கிற பெடியள் எல்லாம் கடைசியில காதுக்குள்ள கொழுவிறது முப்பது திர்ஹம் ஹெட்போன். ஏனெண்டால் அறையில எட்டுப் பேர் படுக்கினம், அதில மூண்டு பேர் இரவு வேலை. அம்ப்பைப் போட்டால் செருப்புப் பறந்து வரும்.

உதுக்குள்ளதான் எங்கட அதிஷ்டமும் இருக்கு, ஆரும் கவனிக்கிறேல்லை. எலெக்ற்றிக் கிற்றார் மாதிரி ஒரு சத்தமில்லாத வாத்தியம் வேற இல்லை. மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் ஒண்டையும் கட்டிலில இருந்து இரவு ரண்டு மணிக்கு வாசிக்கேலாது. இதை வயர் கொழுவாமல் வாசிச்சால் பக்கத்துக் கட்டில்காரனுக்கே கேக்காது. உலகத்தில ஆகக் கூடச் சத்தம் போடுற இசைக்கு உலகத்தில ஆகக் குறைஞ்ச சத்தத்தில பயிற்சி எடுக்கலாம். கட்டிலில வாழுறவனுக்கெண்டு ஆரோ செய்து வைச்ச மாதிரி.

வயர் கொழுவாமல் வாசிக்கிறதில இன்னொரு விசயம். டிஸ்ரோஷன் பொய் சொல்லும். எல்லாத்தையும் ஒரே உயரத்துக்கு அமத்தி விடுறதால, வலது கை தவறவிட்டதை இடது கை மூடி மறைக்கலாம். சனிக்கிழமை இரவு தம்பியை வயர் இல்லாமல், மெற்றோநோம் 120 இல வைச்சு, ஒரு அடிக்கு நாலு சுரம் வாசிக்கச் சொல்லிப் போனில பதிஞ்சன். போட்டுக் காட்டினன். தடதடவெண்டு படியால உருளுற வாளி மாதிரி இருந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில ஒரு இடத்துக்கு வரேல்லை. 90 இல வைச்சுப் பார்த்தம். அங்கயும் நாலில ஒண்டு விழுந்தது. 70 இல சரி. ஆக இவன்ர உண்மையான வேகம் 70. யப்பான் கிற்றாருக்கும் அது 70தான்.

உடன வரலாற்றை இழுப்பினம்: "பெரிய ஆக்கள் எல்லாம் நல்ல கிற்றார்தானே வைச்சிருந்தவை." இந்தச் சத்தத்தைத் தொடக்கினது ஆர்? ரொனி அயோமி. பேர்மிங்ஹாமில தகரம் வெட்டுற தொழிற்சாலையில வேலை செய்த பெடியன். 17 வயசில, வேலையை விட்டுப் போற கடைசி நாளில, மிஷின் அவற்றை வலது கையில நடுவிரலின்ரயும் மோதிரவிரலின்ரயும் நுனியைப் பிடுங்கி எடுத்தது. அவர் இடக்கைக்காரர், ஆக அதுதான் கம்பியை அமத்திற கை. இரண்டு விரல் எரிஞ்சு போன பிறகும் வாசிச்ச ஜங்கோ ரைன்ஹார்ட்டின்ர இசைத்தட்டைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் கொண்டுவந்து போட்டுக் காட்டினவராம். அயோமி ஒரு பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேல தோல் ஒட்டினார். மொத்தக் கம்பி நொந்தபடியால் மெல்லிய கம்பி போட்டார். பேந்து 1971 இல வந்த மூண்டாவது இசைத்தட்டில கம்பியை இளக்கிச் சுருதியையும் இறக்கினார். பிளக் சபத்தின்ர அந்த இருண்ட பாரமான சத்தத்துக்குப் பின்னால இருக்கிறது ஒரு தொழில் விபத்து. மெற்றல் எண்டுறது ஒரு தொழிலாளியின்ர வெட்டுப்பட்ட விரலுக்கால வந்தது. அதே மனிசன் 2025 யூலை 5 ஆம் திகதி, 77 வயசில, பேர்மிங்ஹாம் வில்லா பார்க்கில பிளக் சபத்தின்ர கடைசி நிகழ்ச்சியையும் வாசிச்சு முடிச்சார்.

2014 இல வெங்காயம் அரியிற மிஷினில என்ர சுட்டுவிரல் நுனி போன நேரம் இந்தக் கதைதான் எனக்கு மருந்து. (அந்தக் குசினியின்ர பேர் இஞ்ச வேண்டாம்.) மூண்டு மாசம் கம்பியைத் தொடேலாது. தொட்ட பிறகும் தோல் தடிக்க ஆறு மாசம். இண்டைக்கும் குளிருக்குள்ள அந்த விரல் கம்பியில வழுக்கும். ஆகவே விரலைப் பற்றி நான் கதைக்கேக்க சும்மா கதைக்கேல்லை.

வன் ஹேலன்? 1978 இல வந்த முதல் இசைத்தட்டில அவர் வாசிச்சது, பழுதெண்டு ஒதுக்கின 50 டொலர் உடலும் 80 டொலர் கழுத்தும் வாங்கித் தானே பூட்டின கிற்றார். வேற கிற்றாரில இருந்து பிடுங்கின ஒரு பிக்கப். சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்ற். அதை 2019 இல நியூயோர்க் மெற்றொபொலிற்றன் அருங்காட்சியகத்தில கண்ணாடிக்குள்ள வைச்சு ஆக்களுக்குக் காட்டினவை. இப்ப அந்தக் கோடுபோட்ட கிற்றாரின்ர பிரதியை, கீறல் உட்படக் கொப்பியடிச்சு, கடையில விக்கிறாங்கள். மனிசன் காசில்லாமல் செய்ததைக் காசு குடுத்து வாங்கிறம்.

இஞ்ச, எங்கட கண்ணுக்கு முன்னால பார்ப்பம். டுபாயில ஹொட்டல் ஹொட்டலாப் பிலிப்பைன்ஸ்காரர் வாசிக்கினம். நான் 2008 இல கோப்பை எடுத்த ஒரு ஹொட்டலில ஒருத்தர் இருந்தவர், கிழமையில ஆறு இரவு, இரவுக்கு நாலு தடவை மேடை. கையில இதே ஜியோ. ஃபிறெற் தேய்ஞ்சு பள்ளம் விழுந்து கிடக்கும். ஆர் என்ன பாட்டுக் கேட்டாலும், சொலோவையும் சேர்த்து, அச்சு மாதிரி இறக்குவார். சம்பளக் காசு மணிலாவுக்குப் போகும். ஒரு நாள் குசினிக்குப் பின்னால சிகரெட் பத்தேக்க "ஏன் வேற கிற்றார் வாங்கேல்லை" எண்டு கேட்டன். "இது வேலை செய்யுதே" எண்டார். இந்த ஊரிலேயே பிறந்த டெத் மெற்றல் பாண்ட் நேர்வ்செல். 2008 இல அவையின்ர முதல் முழு இசைத்தட்டு வந்தது. அதைக் கேக்கேக்க என்ர வாயில வந்த கேள்வி எப்பிடி இவ்வளவு இறுக்கமா ஒண்டா வாசிக்கினம் எண்டதுதான். கிற்றார் விலை ஞாபகத்துக்கே வரேல்லை.

நான் ஏன் இவ்வளவு ஆத்திரப்படுறன் எண்டு நீங்கள் கேப்பியள். நானும் உந்த வருத்தம் பிடிச்சுக் கிடந்தவன்தான், மறைக்கேல்லை. கம்பசை அரைவாசியில விட்டுட்டு 2006 இல இஞ்ச வந்தன். 1995 இல வலிகாமத்தை விட்டு நடந்த நாளில இருந்து என்னை அகதி எண்டுதான் நினைக்கிறன், ஆனா 1951 அகதிகள் சாசனத்தில இந்த நாடு கையெழுத்து வைக்கேல்லை, என்ர விசாவில கிடந்த சொல் வெயிற்றர். 2007 மார்ச்சில டெசர்ட் றொக் விழாவுக்கு அயன் மெய்டன் வந்தது. எனக்கு அண்டு இரவு வேலை. போகேலாமல் போன அந்த எரிச்சலுக்கு, அடுத்த மாசமே ஒரு இபானெஸ் ஆர்ஜி வாங்கினன், இரண்டாயிரத்து எண்ணூறு. பேந்து பிக்கப் மாத்தினன், டிமார்சியோ. பேந்து பாலம். பேந்து ஒரு அம்ப், போட இடமில்லாமல் சிநேகிதன்ர கடைக்குப் பின்னால கிடந்தது. கணக்குப் பார்த்தால் ஒண்டரை வருசத்தில ஆறாயிரத்துக்குக் கிட்ட. வாசிச்சது? ஒரு பாட்டு முழுசா வாசிக்கத் தெரியாது.

2009 வந்தது. தங்கச்சியும் பிள்ளையளும் மே மாசத்துக்குப் பிறகு வவுனியாவில மெனிக் பாம் முகாமுக்குள்ள. காசு தேவை, இப்ப, இண்டைக்கு. அதே நேரம் டுபாயில கட்டுமான வேலை எல்லாம் நிண்டு, வேலை போனவை வீட்டுச் சாமானை வித்துட்டு ஓடுறாங்கள். கார் விக்கிறான், கட்டில் விக்கிறான், கிற்றார் விக்கிறான். வாங்க ஆளில்லை. ஆறாயிரத்துச் சாமானை ஆயிரத்து நூறுக்குக் குடுத்தன். வாங்கின பெடியன் பிக்கப் பேரைக் கூடக் கேக்கேல்லை. அந்த ஆயிரத்து நூறு உண்டியலில போய்ச் சேர்ந்தது. மிச்ச நாலாயிரத்துத் தொளாயிரம் எங்க போனது எண்டு கணக்குப் போட்ட இரவுகள் எனக்கு இருக்கு. தங்கச்சி ஒரு நாளும் கேட்டதில்லை.

இதுக்கு ஒரு பதில் வரும், எனக்குத் தெரியும்: "அப்ப ஏழை நல்ல சாமான் வைச்சிருக்கக் கூடாதோ? மலிவுதான் எங்கட விதியோ?" இது நியாயமான கேள்வி, நானே கேட்ட கேள்வி. ஒண்டை ஒப்புக்கொள்ளுறன். ஒரு மட்டத்துக்குக் கீழ கிற்றார் கிற்றாரே இல்லை. ஃபிறெற் நுனி கையைக் கிழிக்கிற, சுருதி ஒரு நிமிசம் நிக்காத, பெட்டியோட முந்நூறுக்கு விக்கிற சாமானில பழகினவன் பழகுறதையே விட்டுடுவான். அதை வாங்காதேங்கோ. அதுக்கு மேல, எழுநூறு எண்ணூறு திர்ஹத்துக்கு வாற ஜியோ, யமஹா, கோட் எல்லாம் மெற்றல் லீட்டுக்கு வேண்டியதை வைச்சிருக்கு: ஹம்பக்கர் பிக்கப், மெல்லிய கழுத்து, 22 இல்லாட்டி 24 ஃபிறெற். பழசா வாங்கினால் இன்னும் குறையும். வளைகுடாவில எல்லாரும் ஒரு நாள் போறவைதான். விசா முடிய ஒவ்வொரு கிழமையும் ஆரோ ஒருத்தன் கிற்றாரை விட்டுட்டுப் போறான். வாங்கிறதுக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. நான் 2009 இல படிச்ச மாதிரி, விக்கிறதுக்கு இதைவிடக் கேடான ஊரும் இல்லை.

"நல்ல சாமான்" எண்டுறதை ஆர் செய்யிறது எண்டும் ஒருக்கா யோசியுங்கோ. கோட் கொம்பனி தன்ர பேரில மட்டுமில்லை, இபானெஸ் உட்படப் பல பேருக்குக் கிற்றார் செய்து குடுத்தது. தென்கொரியாவில இஞ்சொன் தொழிற்சாலையில 2007 இல ஆக்களை நிப்பாட்டினாங்கள், தேஜொன் தொழிற்சாலையையும் மூடினாங்கள், வேலை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போனது. தேஜொனில யன்னலே இல்லையாம், வெளியில பார்த்தால் வேலை கெடுமெண்டு. வேலை போன ஆக்கள் விடேல்லை. கொட்டில் போட்டு இருந்தாங்கள், உண்ணாவிரதம் இருந்தாங்கள், 2019 ஏப்ரலில உடன்பாடு வருமட்டும் பன்னிரண்டு வருசம். அந்தப் போராட்டத்துக்குள்ள, காலம் முழுக்கக் கிற்றார் செய்தும் வாசிக்கத் தெரியாதிருந்த ஆக்கள் வாசிக்கப் பழகித் தாங்களே ஒரு பாண்ட் நடத்தினவை. விலை கூடினதிலயும் குறைஞ்சதிலயும் எங்களை மாதிரி ஆரோ ஒருத்தன்ர விரல்தான் இருக்கு. மிச்சம் தலையில ஒட்டுற பேருக்கு.

எங்கட காதுக்கும் ஒரு சொத்து இருக்கு, அதை எந்தக் கடையிலயும் விக்கிறேல்லை. மெற்றல் லீட்டில கம்பியை இழுத்து வளைக்கிறதும் நடுக்கிறதும்தான் பாதிச் சீவன். நாதஸ்வரம் கேட்டு வளந்த காதுக்குக் கமகம் புதுசில்லை. சென்னை ஐஐரியில படிச்ச பிரசன்னா முழுக் கர்நாடகக் கச்சேரியையே எலெக்ற்றிக் கிற்றாரில செய்யிறார். தம்பி கோயிலடியில கேட்டது எல்லாம் உள்ளுக்குள்ள கிடக்கு. அவன் கம்பியை வளைக்கேக்க மட்டும்தான் 70 இலயும் நல்லா இருக்கிறான், அதையும் அவனுக்குச் சொன்னன்.

கடைசியாக் கடன். 2022 ஜனவரியில இருந்து காசில்லாமல் திரும்பின செக்குக்கு முந்தின மாதிரி மறியல் பெரும்பாலும் இல்லை. நல்லது. ஆனா கடன் நிலுவை நிண்டால் வழக்கும் வரும், பயணத்தடையும் வரும். அம்மாவுக்கு ஏதும் எண்டு தகவல் வந்து விமானநிலையத்துக்குப் போய், அங்க வைச்சுத் திருப்பி அனுப்பின பெடியன் ஒருத்தனை எனக்குத் தெரியும். அவன்ர கடன் ஒரு போனுக்கும் ஒரு ரீவிக்கும் எடுத்தது.

நான் தம்பிக்குச் சொன்ன முடிவு இதுதான். காட் தரமாட்டன். எல்ரிடியை வித்துக் காசை வீட்டுக்கு அனுப்பு. ஜியோவை வைச்சிரு. மூண்டு மாசம் ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம், வயர் இல்லாமல், மெற்றோநோமோட. கிழமைக்கு இரண்டே இரண்டு கூட்டு, கூடாது. அவன் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு மேல ஏறிப் படுத்திட்டான். இரண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம் நாள் எல்ரிடியைப் படமெடுத்து விலை போட்டிருக்கிறான், இவ்வளவு கேக்கலாமோ எண்டு மட்டும் கேட்டான். நூறு கூட்டிப் போடு எண்டன்.

நேற்று இரவு வேலை முடிஞ்சு வந்து படுத்திருக்கிறன், மேல இருந்து டிக், டிக், டிக் எண்டு கேக்குது. எண்ணிப் பார்த்தன். 72.